லண்டன் ஹோட்டலில் பிற்பகல் தேநீர்: அம்மா அப்பாவை எங்கே அழைத்துப் போகலாம்?

காவிரிக்கரை:
வணக்கம். ஜூன் மாதம் கும்பகோணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் லண்டன் வருகிறார்கள். கோட்டை, பாலம், அருங்காட்சியகம் எல்லாம் ஏற்கனவே திட்டத்தில் இருக்கின்றன. ஒரு நாள் மதியம் மட்டும் நல்ல பழைய ஹோட்டல் ஒன்றில் நிதானமாக உட்காரவைத்து, மூன்றடுக்குத் தட்டு, வெள்ளி டீ பாட் என்று முறையான பிற்பகல் தேநீர் வாங்கித் தர ஆசை.

சில சிக்கல்கள் இருக்கின்றன. அம்மா சைவம், முட்டையும் தொடமாட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலியும் உண்டு. இருவருமே டிகிரி காபி குடித்து வளர்ந்தவர்கள். ரிட்ஸ் என்கிறார்கள், கிளாரிட்ஜஸ் என்கிறார்கள், ஆளுக்கு 70 பவுண்டுக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. பணம் கொடுக்கத் தயார். அவர்கள் எதையும் சாப்பிட முடியாமல் திரும்பக் கூடாது, அவ்வளவுதான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈலிங்வாசி:
மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேருக்குச் சேவைக் கட்டணத்தோடு 250 பவுண்டைத் தொடும். அதற்குக் கிடைப்பது விரல் அகலத்தில் நாலைந்து சாண்ட்விச், இரண்டு ஸ்கோன் (பன் மாதிரி சின்ன மாவுப் பண்டம்), சில குட்டிக் கேக்குகள். அம்மா முட்டை சாப்பிடமாட்டார், அப்பா இனிப்பு சாப்பிடக் கூடாது என்றால் தட்டில் மிச்சம் என்ன இருக்கும்? கியூ தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். ஜூனில் ரோஜா பூத்திருக்கும். நடந்து பார்த்துவிட்டு அங்கேயே டீயும் ஸ்கோனும் வாங்கிக் கொடுக்கலாம். இரண்டும் சேர்த்து இதில் பாதிகூட ஆகாது.

தாமரைக்குளம்:
ஈலிங் அண்ணா, கணக்கு சரிதான். ஆனால் தட்டில் இருப்பதை மட்டும் எடை போட்டால் இது எல்லாருக்கும் நஷ்டமாகத்தான் தெரியும். அங்கே பணம் கொடுத்து வாங்குவது அந்த மேசையில் கிடைக்கும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தை. யாரும் எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டாம், யாருக்கும் பரிமாற வேண்டாம். நம் வீட்டு அம்மாக்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. எந்த விசேஷத்திலும் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்தானே.

இந்தப் பழக்கம் பிறந்ததே இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் விழுந்த நீண்ட இடைவெளியில்தான். 1840 வாக்கில் பெரிய வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டு மணி வரை தள்ளிப் போயிருந்தது. பெட்ஃபோர்டின் ஏழாவது டச்சஸான, அதாவது பிரபுவின் மனைவியான அன்னா, மாலையில் பசி தாங்காமல் டீயும் ரொட்டியும் வெண்ணெயும் தன் அறைக்கு வரவழைத்தார் என்பார்கள். பிறகு தோழிகளையும் கூப்பிட்டார். அவர்கள் மாளிகையான வுபர்ன் அபேயில் தொடங்கியது லண்டன் வீடுகளின் வரவேற்பறைகளுக்குப் பரவியது. ஹோட்டல்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு மாளிகை இல்லாதவர்களும் காசு கொடுத்து அதே மாதிரி உட்கார முடிந்தது. லாங்கம் 1865இல் திறந்தது, சவாய் 1889, ரிட்ஸ் 1906.

எங்கே போவது என்று கேட்டால், கண் விரியப் பார்க்க வேண்டுமா, காது குளிரப் பேச வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பார்க்க என்றால் ரிட்ஸின் பாம் கோர்ட் கூடம்தான். தங்க வேலைப்பாடு, கண்ணாடிகள், சரவிளக்கு, பியானோ. காலை 11:30இல் தொடங்கி இரவு 7:30 வரை ஐந்து அமர்வுகள் வைக்கிறார்கள், அப்படியும் வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். கூட்டமும் அந்த அளவுக்கு இருக்கும். சவாயில் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் கொட்டும், புகைப்படம் நன்றாக வரும். கிளாரிட்ஜஸ் 1930களின் அலங்காரம், பச்சை வெள்ளைக் கோடு போட்ட பீங்கான். மேஃபேரில் பிரவுன்ஸ் ஹோட்டல் 1837இல் தொடங்கியது. மரப்பலகைச் சுவர், கணப்பு, தாழ்ந்த சோபா, சத்தம் குறைவு. வயதான பெற்றோருடன் என்றால் நான் பிரவுன்ஸைத்தான் சொல்வேன். ரிட்ஸ் அழகுதான், ஆனால் அங்கே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

சுரங்க ரயில் கிரீன் பார்க் நிலையத்தில் லிஃப்ட் உண்டு, தெரு வரை படியில்லாமல் வரலாம். ரிட்ஸ் அதை ஒட்டியே இருக்கிறது. பிரவுன்ஸுக்கும் அதே நிலையம்தான், மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள்.

வெள்ளிக்கரண்டி:
நான் மத்திய லண்டனில் ஒரு ஹோட்டலின் தேநீர்க் கூடத்தில் பரிமாறும் வேலையில் இருக்கிறேன். எந்த ஹோட்டல் என்று சொல்ல முடியாது. மேலே கேட்ட சிக்கல்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அம்மாவின் சாப்பாடு. "சைவம்" என்று மட்டும் எழுதினால் போதாது. இங்கே சைவ மெனு என்றால் முட்டை மயோனைஸ் சாண்ட்விச் நிச்சயம் வரும். கேக்கில் முட்டை, ஸ்கோன் மேல் பளபளப்புக்குத் தடவுவது முட்டை. மூஸ், ஜெல்லி வகைகளில் ஜெலட்டின் இருக்கலாம், அது மாட்டுத்தோல் அல்லது பன்றித்தோலிலிருந்து வருவது. பாரம்பரிய பார்மசான் சீஸில்கூடக் பாலைத் திரிக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு. அதனால் பதிவு செய்யும்போதே "முட்டை, மீன், இறைச்சி, ஜெலட்டின் எதுவும் கூடாது, பால் பொருட்கள் சாப்பிடுவார்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். குறைந்தது இரண்டு நாள் முன்பாவது தெரிந்தால் பேஸ்ட்ரி சமையலறை தனியாகச் செய்துவைக்கும். அன்றைக்கு வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் பழத்தை வெட்டி வைப்பதைத் தவிர அவர்களால் அதிகம் செய்ய முடியாது. பால்கூடச் சேராத வீகன் மெனு இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு, கிளாட்டட் கிரீமும் (ஸ்கோனுக்கு வைக்கும் கெட்டிப் பாலாடை) வெண்ணெயும் மட்டும் தனியாகக் கேளுங்கள். நம் ஊர் விருந்தினர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் வழி அதுதான், அம்மாவுக்கும் அது சரியாக இருக்கும். இந்த நாட்டில் 14 ஒவ்வாமைப் பொருட்கள் எந்தெந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்று உணவகம் சொல்லியாக வேண்டும், முட்டையும் அதில் அடக்கம். கேட்கத் தயங்காதீர்கள், எங்களிடம் பட்டியல் இருக்கும்.

அப்பாவின் சர்க்கரை. நாலு மணி அமர்வு எடுக்காதீர்கள். மதியம் ஒரு மணி, ஒன்றரை மணி வாக்கில் எடுத்து அதையே மதியச் சாப்பாடாக வையுங்கள். பல இடங்களில் சாண்ட்விச் மறுபடியும் கேட்டால் கொண்டுவந்து தருவோம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வெள்ளரிக்காய், சீஸ், முட்டை சாண்ட்விச்சில் அப்பா வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம். ரொட்டி வெள்ளை ரொட்டிதான், அதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேக்கைத் தொட வேண்டாம். மிச்சமானதைப் பெட்டியில் போட்டுத் தரச் சொன்னால் அழகாகக் கட்டித் தருவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, முக்கால்வாசி மேசைகள் பெட்டியோடுதான் கிளம்புகின்றன.

சாப்பிடும் வரிசை சாண்ட்விச், ஸ்கோன், கேக். ஸ்கோனைச் சில இடங்களில் தனியாகத் துணியில் சுற்றிச் சூடாகக் கொண்டுவருவோம். வந்தவுடன் சாப்பிட்டுவிடுங்கள். ஆறின ஸ்கோன் தொண்டையில் இறங்காது.

டீயைப் பற்றி ஒரு விஷயம். ஹோட்டல்களில் இரண்டு முறை உண்டு. சில இடங்களில் உள்ளேயே நேரம் பார்த்து ஊறவைத்து, இலையை வடித்துவிட்டுத்தான் பாட்டை மேசைக்குக் கொண்டுவருவார்கள். சில இடங்களில் இலை பாட்டுக்குள்ளேயே இருக்கும், வடிகட்டி தருவார்கள், சின்ன ஜாடியில் வெந்நீரும் வைப்பார்கள். இரண்டாவது முறை என்றால் பாதிப் பாட்டை விட்டுவைக்காதீர்கள், பத்து நிமிடத்தில் கசந்துவிடும். கசந்தால் பேசாமல் குடிக்க வேண்டாம், புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இடையில் வேறு தேயிலைக்கு மாறினாலும் பெரும்பாலான இடங்களில் காசு இல்லை. இது தெரியாமல் ஒரே பாட்டோடு முடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

காவிரிக்கரை:
வெள்ளிக்கரண்டி, மிக்க நன்றி. அந்த ஒரு வரியை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்து உடை. அம்மா பட்டுப்புடவையில் வருவார். அப்பா விசேஷம் என்றால் வேட்டி சட்டைதான். ரிட்ஸில் கோட்டும் டையும் கட்டாயம் என்று படித்தேன்.

தாமரைக்குளம்:
ரிட்ஸில் ஆண்களுக்குக் கோட், டை கட்டாயம். ஜீன்ஸ், விளையாட்டு உடை, கேன்வாஸ் ஷூ கூடாது. மற்ற ஹோட்டல்களில் இவ்வளவு கண்டிப்பு இல்லை, நேர்த்தியாக உடுத்தினால் போதும் என்பார்கள். புடவைக்கு எங்குமே கேள்வி வராது. அம்மா உள்ளே நுழைந்தால் அந்தக் கூடத்திலேயே அவர்தான் நன்றாக உடுத்தியிருப்பார்.

வேட்டி விஷயத்தில் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பாரம்பரிய உடையில் வரலாமா என்று கேட்டு, பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று விளக்கம் சொல்லும் நிலை அப்பாவுக்கு வரக் கூடாது.

வல்லிபுரம்:
நான் ஹாரோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணம். எங்கட வீட்டில் கொழும்புக்குப் போனால் கோல் ஃபேஸ் ஹோட்டல் விறாந்தையில் இருந்து கடலைப் பார்த்துத் தேத்தண்ணி குடிக்காமல் வருவதில்லை. 1864இல் கட்டின ஹோட்டல் அது. ஆகையால் இந்த இழையை ஆசையோடு வாசிக்கிறேன்.

ஸ்கோனைப் பற்றி ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை, அதுதானே இதில் உயிர். கையால் குறுக்கே பிரியுங்கோ, நல்ல ஸ்கோன் கத்தி இல்லாமலே இரண்டாகும். இரண்டு பாதியையும் திரும்ப மூடிச் சாப்பிடக் கூடாது. ஒவ்வொரு பாதியிலும் தனித்தனியாகக் கிரீமும் ஜாமும் வைக்க வேணும். டெவன்காரர் முதலில் கிரீம், மேலே ஜாம் என்பார்கள். கார்ன்வால்காரர் முதலில் ஜாம், மேலே கிரீம். சூடான ஸ்கோன் என்றால் கார்ன்வால் முறைதான் சரி என்பது என் முடிவு. டெவன் முறையில் கிரீம் உருகி வழிந்து, மேலே வைத்த ஜாம் சறுக்கிவிடும்.

அந்தக் கிளாட்டட் கிரீம் என்ன என்று அம்மாவுக்குச் சொல்ல வேணும் என்றால், காய்ச்சிய எருமைப் பாலின் மேல் திரளும் ஆடையை வழித்துச் சேர்த்தது மாதிரி என்று சொல்லுங்கோ. செய்முறையும் ஏறக்குறைய அதுதான். கொழுப்பு நிறைந்த பாலையோ கிரீமையோ அகலத் தட்டில் மெதுவாகச் சூடாக்கி, மணிக்கணக்காக அசையாமல் ஆறவிட, மேலே திரண்டு கட்டியாகும். கார்ன்வால் கிளாட்டட் கிரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேணும், 1998 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பியப் பாதுகாப்பும் உண்டு. கும்பகோணத்து ஆட்களுக்குப் பால் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

ஈலிங்வாசி:
எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனோம், பெயர் வேண்டாம். சாண்ட்விச்சின் ஓரம் காய்ந்து வளைந்திருந்தது. டீ பாட் காலியாகி நெடுநேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் நேரம் முடிவதற்கு முன்பே அடுத்த விருந்தினருக்காக மேசை வேண்டும் என்று வந்து நின்றார்கள். பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே சேர்ந்திருந்தது. யாருக்கு இந்தச் சேவை என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோபம்தான் எனக்கு, ஸ்கோன் மேல் எந்தக் கோபமும் இல்லை.

வெள்ளிக்கரண்டி:
ஈலிங் அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. ரொட்டி ஏன் காய்கிறது என்று எனக்குத் தெரியும். ஓரம் வெட்டிய சாண்ட்விச்சைக் காற்றுப் படும்படி வைத்தால் அரை மணியில் காய்ந்துவிடும். அமர்வு தொடங்குவதற்குச் சற்று முன்பு வெட்டி, ஈரத்துணி போர்த்தி வைப்பதுதான் முறை. கூட்ட நாளில் காலையிலேயே மொத்தமாக வெட்டி அடுக்குகிற இடங்களும் உண்டு. அப்படி வந்தால் ஒரு கடி கடித்தவுடனே திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருவார்கள். முடித்த பிறகு சொன்னால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும். சனி ஞாயிறைத் தவிர்த்து செவ்வாய், புதன் எடுங்கள். பதிவின்போதே மேசை எத்தனை மணி நேரம் நமக்கு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேவைக் கட்டணம் பெரும்பாலும் விருப்பத்துக்கு உட்பட்டதுதான். சேவை மோசம் என்றால் எடுத்துவிடச் சொல்லலாம், அவர்கள் எடுத்தாக வேண்டும். நன்றாக இருந்தால் கொடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி அந்தப் பணம் முழுவதும் தொழிலாளிகளுக்கே போக வேண்டும், நிர்வாகம் அதில் கை வைக்க முடியாது. பரிமாறுகிறவர்கள் மட்டுமல்ல, உள்ளே பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் அதில் பங்கு வரலாம்.

ஹட்டன்மகள்:
இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் யாரும் தேயிலையைப் பற்றி எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேக்கைப் பற்றிக் கவலைப்படுகிறோம், கோட், டை பற்றிக் கவலைப்படுகிறோம். மெனுவில் ஒரு முழுப் பக்கத்துக்குத் தேயிலைப் பெயர்கள் இருக்கும், அதைப் படிக்காமல் "நார்மல் டீ" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அது தாங்குவதில்லை. நான் இலங்கை மலையகத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுத்தவர். விடிய முன்னம் பிரட்டுக்களத்தில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) பெயர் கொடுத்து மலைக்கு ஏறுவார். கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்.

காவிரிக்கரை அண்ணா, உங்கள் அம்மா அப்பா காபிக்காரர்கள் என்கிறீர்கள். காபியில் பாலும் திடமும் தெரிந்த நாக்குக்கு முதல் பாட் அசாம் சொல்லுங்கள், பாலோடு. மால்ட் வாசனையும் கனமும் இருக்கும், அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமலே இறங்கும். சாண்ட்விச்சுக்கு அது பொருந்தும். இரண்டாவது பாட் திம்புள. எங்கள் ஹட்டன், பொகவந்தலாவை எல்லாம் அந்தப் பகுதிதான். செம்பொன் நிறம், கொஞ்சம் பால் ஊற்றினாலும் மணம் போகாது, ஸ்கோனும் ஜாமும் சாப்பிடும்போது நாக்கைக் கழுவிவிடும். அவர்களுக்கு விருப்பம் இருந்தால் கடைசியில் பாலில்லாமல் ஒன்று: நுவரெலியா அல்லது வசந்தத்தில் எடுக்கும் டார்ஜீலிங் முதல் பறிப்பு. நுவரெலியாத் தோட்டங்கள் 6,000 அடிக்கு மேல், குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் அந்த மென்மை. மெனுவில் நீலகிரி இருந்தால் விட்டுவிடாதீர்கள். குன்னூர், கோத்தகிரி பக்கத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் எடுக்கும் தேயிலை நல்ல வாசமாக இருக்கும். எர்ல் கிரே வேண்டாம் என்பேன். அதில் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் சேர்ப்பார்கள், தேயிலையின் சொந்த மணம் அதற்குள் மறைந்துவிடும். விரும்புகிறவர்கள் குடிக்கட்டும். முதல் தடவை குடிப்பவருக்கு அது தேயிலையைக் காட்டாது.

தாமரைக்குளம் அக்கா டச்சஸ் கதை சொன்னார். அந்த டச்சஸ் காலத்துக் கோப்பையில் இருந்தது சீனத் தேயிலைதான். அசாமிலிருந்து முதல் 8 பெட்டிகள் லண்டன் ஏலத்துக்கு வந்ததே 1839இல். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867. 1869இலிருந்து இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழிக்க, துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். மலையை வெட்டிக் கன்று நட்டது எங்கள் ஆட்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே நடந்து மலைக்கு வந்தவர்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். அதற்கும் எத்தனை போராட்டம்.

அதனால் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போங்கள், நன்றாக உடுத்திப் போங்கள். நானும் போகிறேன். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. அந்த டீ பாட்டுக்குள் இருப்பது யாரோ ஒரு அக்காவின் விரல் ஒவ்வொரு செடியாகப் போய் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியது. அதைச் சூடும் பக்குவமுமாக, ஆறவிடாமல், மணத்தைக் கவனித்துக் குடிப்பதுதான் மரியாதை. இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: "இது எந்தத் தோட்டம்?" நல்ல ஹோட்டல் என்றால் தோட்டத்தின் பெயரே சொல்வார்கள். தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வருவார்கள். நான் கேட்காமல் வந்ததில்லை.

வெள்ளிக்கரண்டி:
தங்கச்சி, உண்மையைச் சொன்னால் தோட்டத்தின் பெயர் கேட்கும் விருந்தினர்கள் எங்களுக்கு மிகவும் அபூர்வம். கேட்டால் எங்களுக்கும் சந்தோஷம், பயிற்சியில் படித்ததைச் சொல்ல ஒரு வாய்ப்பு.

வல்லிபுரம்:
பிள்ளை எழுதினதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கட பக்கத்திலேயே மலையகத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தவர்கள் கனபேர். நீங்கள் இன்னும் எழுத வேணும்.

ஒரு சின்னக் கேள்வி. பால் முதலிலா, பிறகா?

ஹட்டன்மகள்:
பிறகுதான் அண்ணா. பழைய காலத்து மட்டமான கோப்பை கொதிநீரில் விரிசல் விட்டுவிடும் என்று பாலை முதலில் ஊற்றினார்கள் என்பது இங்கே சொல்லும் கதை. இப்போதுள்ள பீங்கானுக்கு அந்தப் பயம் இல்லை. நிறம் பார்த்துப் பால் ஊற்றினால்தான் அளவு தெரியும். நுவரெலியாவுக்குப் பாலே வேண்டாம், தயவுசெய்து.

காவிரிக்கரை:
போய் வந்தோம். பிரவுன்ஸ், புதன்கிழமை, மதிய அமர்வு. மின்னஞ்சலில் அந்த ஒரு வரியை எழுதியிருந்தேன், மேசையில் உட்கார்ந்தவுடனே பரிமாறியவர் அதைத் தானாகவே சொல்லி உறுதி செய்துகொண்டார். அம்மாவுக்குத் தனித் தட்டு வந்தது. வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை மறுபடியும் கேட்டு வாங்கினார். வல்லிபுரம் அண்ணா சொன்னபடியே கிரீமைப் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது, ஜாமை விட்டுவிட்டுக் கிரீமை மட்டும் வைத்துச் சாப்பிட்டார். அப்பா கோட் போட்டுக்கொண்டார், டை இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அசாம் அப்பாவுக்குப் பிடித்தது. ஆனால் எனக்கு ஆச்சரியம் அம்மாதான். இரண்டாவது பாட்டைக் குடித்துவிட்டு, இதைப் பாலில்லாமலே கொடு, வாசனை நன்றாகத் தெரிகிறது என்றார். காபியைத் தவிர வேறெதையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. தோட்டத்தின் பெயரை அப்பாவே கேட்டார். பரிமாறியவர் உள்ளே போய்த் தெரிந்துகொண்டு வந்து, தாளில் எழுதியே கொடுத்தார். அப்புறம் இருவரும் தங்கள் கல்யாண காலத்துக் கதைகளைப் பேச ஆரம்பித்தார்கள். பலவற்றை நான் முதல் முறையாகக் கேட்டேன்.

விலை அதிகம்தான், ஈலிங் அண்ணா. எனக்கு வருத்தமில்லை.

ஈலிங்வாசி:
நல்லது. அவர்களுக்குப் பிடித்ததே பெரிது. என் வோட்டு இன்னும் கியூ தோட்டத்துக்குத்தான், ஊருக்குத் திரும்புவதற்குள் அதற்கும் அழைத்துப் போங்கள்.

தெம்பனீஸ்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே ராஃபிள்ஸ் 1887இல் தொடங்கியது, அதன் கிராண்ட் லாபியில் தேநீர் வைக்கிறார்கள். ஹாங்காங் பெனின்சுலா 1928, அங்கே மாடத்தில் வாத்தியக் குழு வாசிக்கும், நான் போனபோது வெளியாட்கள் வரிசையில் நின்றுதான் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் போயிருக்கிறேன். வெள்ளிக்கரண்டி சொன்ன முட்டை, ஜெலட்டின் விஷயம் இங்கேயும் அப்படியே பொருந்தும், இங்குள்ள சைவர்களும் அந்த வரியை எடுத்துக்கொள்ளலாம்.

என் கேள்வி வேறு. லண்டன் போனபோது ஹோட்டலில் குடித்த அதே நுவரெலியாத் தேயிலையைக் கடையில் வாங்கி, அங்கே தங்கியிருந்த உறவினர் வீட்டில் போட்டேன். கலங்கலாக, மேலே எண்ணெய் படிந்த மாதிரி ஆடையோடு வந்தது. மணமே இல்லை. சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து போட்டால் தெளிவாக, நன்றாக இருக்கிறது. ஒரே பாக்கெட்தான். ஏன்?

ஹட்டன்மகள்:
தண்ணீர்தான் காரணம். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருவது, கடின நீர். அதிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சத்தோடு சேர்ந்துதான் அந்த ஆடை படிகிறது. நிறம் மங்கும், மணம் அடங்கும். அசாம் மாதிரி கனமான தேயிலை ஓரளவு தாங்கும். நுவரெலியா, டார்ஜீலிங் தாங்காது. நல்ல ஹோட்டல்களில் தண்ணீரை வடிகட்டித்தான் கொதிக்கவைப்பார்கள், வெள்ளிக்கரண்டி அக்கா இதை உறுதிப்படுத்துவார். சிங்கப்பூர்த் தண்ணீர் இவ்வளவு கடினமில்லை.

லண்டன் வீடுகளில் வடிகட்டி ஜாடியில் ஊற்றி வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஏற்கனவே கொதித்து ஆறின தண்ணீரைத் திரும்பக் கொதிக்கவைக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிடியுங்கள். பாட்டை முதலில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். 200 மில்லிக்கு இரண்டரை கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். முழு இலை என்றால் கொஞ்சம் கூட. நுவரெலியாவுக்கு மூன்று நிமிடம், திம்புளவுக்கு நாலு, பால் ஊற்றுவதாக இருந்தால் ஐந்து. நேரம் ஆனதும் முழுவதையும் வேறொரு டீ பாட்டுக்குள் வடித்துவிடுங்கள்.

வெள்ளிக்கரண்டி:
ஆமாம், எங்கள் ஹோட்டலில் வடிகட்டிய தண்ணீர்தான். இயந்திரத்தின் வடிகட்டியை மாற்றத் தாமதமானால் முதலில் கண்டுபிடிப்பது டார்ஜீலிங் கேட்கும் விருந்தினர்கள்தான். வீட்டில் ஜாடி வைத்திருப்பவர்கள் அதன் வடிகட்டியை மாதம் ஒரு முறை மாற்றுங்கள், பழசானால் அது இருந்தும் பயனில்லை.